காட்டுக்குள் நிற்கும் வீரர்கள்: ஓசூர்ப் பகுதியின் நடுகற்கள்



நம்மில் பெரும்பாலோர் வேலைக்காக ஓசூருக்கு வந்தவர்கள். 1970களில் சிப்காட் வந்தபோது வந்தவர்கள் சிலர். பெங்களூரில் வாடகை கட்டுப்படியாகாமல் எல்லை தாண்டி இந்தப் பக்கம் குடியேறியவர்கள் பலர். நமக்கெல்லாம் காடு என்றால் யானைதான். சானமாவுக் காட்டில் யானைக்கூட்டம் நிற்கிறது, ராயக்கோட்டை சாலையில் இரவில் போகாதீர்கள் என்று நம் வாட்ஸப் குழுவில் செய்தி வரும்போதுதான் அந்தக் காடு நம் நினைவுக்கு வருகிறது.

ஆனால் சானமாவு, ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று நீண்டு காவிரிக் கரை வரை இறங்கும் இந்தக் காட்டுக்கு இன்னொரு முகம் உண்டு. இது பழைய போர்க்களம். ஊருக்காகச் செத்தவர்களுக்கு ஊரார் நட்ட கற்கள் இந்தக் காட்டிலும், காட்டோர ஊர்களிலும், ஏரிக்கரைகளிலும் இன்றும் நிற்கின்றன. தமிழில் நடுகல், வீரக்கல் என்றும் கன்னடத்தில் வீரகல்லு என்றும் சொல்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் பல ஊர்களில் இவற்றுக்கு வேடியப்பன் என்று பெயர் வைத்துக் கும்பிடுகிறார்கள். இந்த இதழின் 'நம் ஊர் வரலாறு' பகுதி அந்தக் கற்களைப் பற்றியது. காரணம் இருக்கிறது, கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

மாடுதான் செல்வம், மாடுதான் சண்டை

எல்லை என்றால் இன்று நமக்கு ஜூஜுவாடியும் அத்திப்பள்ளியும்தான். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பும் இது எல்லைப்புறம்தான். கிழக்கே பல்லவர், பின்னர் சோழர். மேற்கே தலைக்காட்டுக் கங்கர். வடமேற்கிலிருந்து நுளம்பர், இராட்டிரகூடர். நடுவில் பாணர் போன்ற சிற்றரசர்கள். பெரிய அரசுகள் இரண்டு பக்கமும் இழுக்க, இடையில் கிடந்த மேட்டு நிலம் நம்முடையது.

இந்த மேட்டு நிலத்தில் நெல் விளையும் வயல் குறைவு. மேய்ச்சல் நிலம் அதிகம். ஆகவே ஓர் ஊரின் சொத்து அதன் மாட்டு மந்தை. ஓர் அரசன் இன்னொருவன் மேல் படையெடுக்கப் போகிறான் என்றால் முதல் வேலையாக எல்லைப்புற ஊரின் மந்தையை ஓட்டிக்கொண்டு போவான். போர் அறிவிப்பே அதுதான். சங்க இலக்கணம் மாடு கவர்வதை வெட்சி என்றும், மீட்பதைக் கரந்தை என்றும் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறது என்றால் அது எவ்வளவு வழக்கமாக நடந்திருக்கும் என்று பாருங்கள்.

மந்தையை மீட்க ஓடியவன் தொழில்முறைப் படைவீரனாக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த ஊர்க்காரன், ஒரு தலைவனின் சேவகன், மாடு மேய்ப்பவன் என்று யாராகவும் இருக்கலாம். அவன் செத்தால் ஊர் கல் நட்டது. தொல்காப்பியம் அதற்கு ஆறு படிகளைச் சொல்கிறது: தகுந்த கல்லைத் தேர்ந்து காண்பது, எடுத்து வரும் வேலையைத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, படையல் இட்டுச் சிறப்புச் செய்வது, வாழ்த்துவது. கல் என்பது அலங்காரப் பொருள் அல்ல. நட்டது முதல் அது செத்தவனே.

கல்லை எப்படிப் பார்ப்பது?

நம் பகுதியில் இரண்டு வகைக் கற்கள் கிடைக்கின்றன.

முதல் வகை, தமிழகப் பாணி. ஒரே பலகைக் கல்; அதில் ஒரே ஒரு வீரன். பெரும்பாலும் ஒரு கையில் வில், மறு கையில் வாளோ குத்துவாளோ அம்போ இருக்கும். கால்கள் பக்கவாட்டில் பாய்வதுபோல் இருக்கும். உடம்பில் அம்பு தைத்திருப்பதைக் காட்டும் கற்களும் உண்டு. காலருகே சிறிய கெண்டியும் சிமிழும் செதுக்கியிருப்பார்கள். மாடு செதுக்கியிருந்தால் அது மந்தைச் சண்டை.

இரண்டாவது, கன்னடப் பாணி. கல் மூன்று அடுக்காகப் பிரிந்திருக்கும். கீழ் அடுக்கில் சண்டை. நடு அடுக்கில் தேவமகளிர் வீரனை இருபுறமும் பிடித்து மேலே கொண்டு போவார்கள். மேல் அடுக்கில் அவன் லிங்கத்தின் முன் உட்கார்ந்திருப்பான். படிப்பறிவு இல்லாதவரும் கீழிருந்து மேலே பார்த்தாலே கதை புரிந்துவிடும்.

போரில் செத்தவர்களுக்கு மட்டும் கல் இல்லை. மந்தைக்கோ ஊருக்கோ வந்த புலியோடு போராடிச் செத்தவனுக்குப் புலிக்குத்திக் கல். காட்டுப்பன்றியைக் குத்தி இறந்தவனுக்குப் பன்றிக்குத்திக் கல். கணவனோடு தீயில் இறங்கிய பெண்ணுக்கு நட்ட கல்லில் வளையல் அணிந்த கை ஒன்று உயர்ந்து நிற்கும். மாஸ்திகல்லு என்று கன்னடத்தில் சொல்வது அதைத்தான். தன் தலையைத் தானே அரிந்து பலி கொடுத்தவர்களுக்கும் கல் உண்டு. இதையெல்லாம் பெருமையாக மட்டும் பார்க்க முடியாது. அந்தக் கையைப் பார்க்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது.

கல்லில் என்ன எழுதியிருக்கிறது?

எழுத்து உள்ள கற்களில் செய்தி சுருக்கமாக இருக்கும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, செத்தவன் யாருடைய ஆள், பெயர் என்ன, எந்த ஊர் மந்தைக்காக, எப்படிச் செத்தான் என்ற விவரங்கள் ஐந்தாறு வரிகளில் முடிந்துவிடும். மந்தையைக் குறிக்கத் 'தொறு' என்று எழுதுவார்கள். சாவைக் குறிக்கப் 'பட்டான்' என்று எழுதுவார்கள். கன்னடக் கல்வெட்டில் அதே மந்தை 'துறு'. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாட்டுக்கு ஒரே சொல். சாவுக்கு ஒரே மரியாதை.

செத்தவனின் குடும்பத்துக்கு நிலம் விடுவதும் வழக்கம். தமிழில் அதற்கு உதிரப்பட்டி என்று பெயர். கன்னடத்தில் நெத்தரு கொடகெ. உதிரம், நெத்தரு இரண்டுமே ரத்தம்தான். குடும்பத்தைக் கைவிடவில்லை என்பதற்கு இந்தப் பெயர்களே சாட்சி.

தமிழகத் தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூல்தான் இந்தக் கற்களை ஆராய்ச்சியாளர்கள் பார்வைக்குப் பெரிய அளவில் கொண்டு வந்தது. அந்த வட்டாரத்தில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டு. அதில் வீரனோடு ஒரு நாயும் இருக்கிறது. நாய்க்குப் பெயர் கோவிவன். எசமானன் விழுந்த பிறகும் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். அரசர்கள் பெயரையே நாம் மறந்துவிட்ட காலத்தில், ஒரு நாயின் பெயர் 1,300 ஆண்டுகளாக நிற்கிறது.

இன்னும் பக்கத்தில் வருவோம். எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு பேகூர் தெரியும். அங்குள்ள கோயிலில் சுமார் கி.பி. 890ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கன்னட வீரக்கல் கல்வெட்டு இருக்கிறது. பெங்களூரில் நடந்த சண்டையில் ஒருவர் இறந்ததை அது சொல்கிறது. 'பெங்களூர்' என்ற பெயர் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்றாக அறியப்படுவது அதுதான். அவரைக்காய் வேகவைத்த கிழவி கதையெல்லாம் பிறகு வந்தது. அத்தனை பெரிய நகரத்தின் பெயர் நமக்குக் கிடைத்ததே செத்துப்போன ஒரு வீரனுக்கு யாரோ கல் நட்டதால்தான்.

கற்கள் ஏன் காட்டுக்குள் இருக்கின்றன?

நட்டபோது இவை காட்டில் இல்லை. மந்தை போகும் வழியில், மேய்ச்சல் வெளியில், ஏரிக்கரையில், ஊர் எல்லையில்தான் நட்டார்கள். பிறகு பஞ்சம், போர், நோய் என்று ஊர்கள் இடம் மாறின. ஊர் போன இடத்தில் புதர் வந்தது, புதர் மரமானது. 1882இன் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு பல மேய்ச்சல் நிலங்கள் காப்புக்காடாயின. மனிதர்கள் வெளியே வந்தார்கள். கற்கள் உள்ளே தங்கிவிட்டன.

2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் மட்டும் 504 சதுர கிலோமீட்டர். 2022இல் காவிரி தெற்கு சரணாலயமும் சேர்ந்தது. யானைக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு உள்ளே நிற்கும் கற்களுக்கும் நிழலாக இருக்கிறது. உண்மையில் இன்று ஆபத்து காட்டுக்குள் இருக்கும் கல்லுக்கு அல்ல. காட்டுக்கு வெளியே குவாரிக்கும் லேஅவுட்டுக்கும் சாலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கல்லுக்குத்தான்.

பெரிய போர்கள், பெயரில்லாத சாவுகள்

இதே மண்ணில் பிற்காலத்தில் நடந்த போர்களைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். 1768இல் முதல் மைசூர்ப் போரின்போது ஐதர் அலி ஓசூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். அதை விடுவிக்கக் கர்னல் வுட் தலைமையில் வந்த கம்பெனிப் படை தன் மூட்டை முடிச்சுகளையும் பெரிய பீரங்கிகளையும் பாகலூரில் விட்டுவிட்டு ஓசூருக்கு நடந்தது. ஐதர் பாகலூர் மேல் பாய்ந்து பீரங்கிகளை அள்ளிக்கொண்டு போனார்.

1791 ஜூலையில் கார்ன்வாலிஸ் ஓசூரைப் பிடித்தார். அவர் அனுப்பிய படை ராயக்கோட்டையையும் சுற்றியுள்ள மலைக்கோட்டைகளையும் கைப்பற்றியது. கர்நாடகச் சமவெளியிலிருந்து அரிசியும் மாடும் மேலே வர வழி வேண்டும் என்பதே நோக்கம். அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கிய மேக்ஸ்வெல்லின் படை பேட்டையைப் பிடித்தும் மேல்கோட்டையில் ஏற முடியாமல் திரும்பியது. 1792 உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனிக்குப் போனது. ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் திப்புவிடம் இருந்தன. ஏழு ஆண்டுகள் ராயக்கோட்டை ஒரு நாடு, கெலமங்கலம் வேறு நாடு.

1799 மார்ச் 5 அன்று ஜெனரல் ஹாரிஸின் படை ராயக்கோட்டைப் பக்கமிருந்து எல்லையைக் கடந்தது. நீலதுர்கம், அஞ்செட்டிதுர்கம் போன்ற சிறு கோட்டைகள் விழுந்தன. பிறகு ஐதராபாத் நிஜாமின் படையோடு கெலமங்கலத்தில் கூடி ஸ்ரீரங்கப்பட்டணம் நோக்கி நகர்ந்தது. நிஜாம் படைக்குத் துணையாக வந்தவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் கோமகன் இவர்தான். படைவீரர்களைவிட மாடுகள் பல மடங்கு. பாரம் இழுக்கவும் பொதி சுமக்கவும் லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். வழியில் புல்லையும் வைக்கோலையும் திப்புவின் குதிரைப்படை எரித்தது. தீவனமில்லாமல் மாடுகள் வழியெல்லாம் விழுந்தன. மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு களத்தில் இறந்தார்.

இப்போது ஒரு கேள்வி. இந்த மூன்று படையெடுப்புகளிலும் நம் ஊர்களைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் செத்திருப்பார்கள்? மாட்டுக்காரர்கள், பொதி சுமந்தவர்கள், கோட்டைக் காவலர்கள், பயிரை இழந்து பட்டினி கிடந்தவர்கள் இருந்தார்கள். தளபதிகளின் பெயர்கள் புத்தகம் புத்தகமாக இருக்கின்றன. இவர்கள் பெயர் எங்கும் இல்லை. ஒரு மந்தைக்காகச் செத்த ஒருவனுக்கு எட்டாம் நூற்றாண்டில் கிடைத்த மரியாதை, சாம்ராஜ்யங்களுக்காகச் செத்த ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் கிடைக்கவில்லை. கோட்டைகள் பெரியவை, ஆனால் கல் நியாயமானது.

பிரான்ஸில் ஒரு காடு

உலகத்தில் போர் நினைவுக் காடுகள் வேறு இடங்களிலும் உண்டு. பிரான்ஸில் சோம் போர்க்களத்தில் டெல்வில் காடு இருக்கிறது. 1916 ஜூலையில் சுமார் 3,000 தென்னாப்பிரிக்க வீரர்கள் உள்ளே போனார்கள்; குண்டுமழையில் காடே அழிந்து ஒரே ஒரு மரம் மிஞ்சியது. அந்த மரத்தை இன்றும் காட்டுகிறார்கள். அதற்குப் பக்கத்தில்தான் ஜூலை 14 அன்று இந்தியக் குதிரைப்படையான டெக்கான் ஹார்ஸ் ஈட்டியோடு பாய்ந்தது. நிஜாமின் படைகளிலிருந்து வளர்ந்த பிரிவு அது.

அந்தப் போரில்தான் சாதாரணச் சிப்பாயின் பெயரையும் அதிகாரியின் பெயரைப் போலவே கல்லில் வெட்ட வேண்டும் என்ற கொள்கையைப் பிரிட்டிஷார் ஏற்றார்கள். நவ் ஷாப்பெல் என்ற ஊரில் 1927இல் திறந்த இந்திய நினைவகத்தில் 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. நல்ல கொள்கை, வணங்க வேண்டியதுதான். ஆனால் அது 20ஆம் நூற்றாண்டில் பிறந்த கொள்கை. சேவகனின் பெயரும் அவன் நாயின் பெயரும் வெட்டிய எடுத்தனூர்க் கல் அதற்குப் பதின்மூன்று நூற்றாண்டு மூத்தது.

நம் பூங்கா மூலையில்

இவ்வளவும் எழுதக் காரணம், நம் தெற்குப் பூங்காவின் மூலையில் புங்கமரத்தடியில் நிற்கும் மூன்றடிக் கல். தேய்ந்துபோன உருவம், உற்றுப் பார்த்தால் வில்லும் இடுப்பு வாளும் தெரியும். எழுத்து இல்லை. லேஅவுட் போடுவதற்கு முன் இங்கே மாடு மேய்த்த ஊர்க்காரர்கள் மாட்டுப் பொங்கலன்று வந்து மஞ்சள் பூசித் தேங்காய் உடைத்துவிட்டுப் போகிறார்கள். செக்யூரிட்டி அவர்களைக் கேட்டில் நிறுத்தி வைத்ததும் ஒரு முறை நடந்தது.

நடைபாதையை அகலப்படுத்த அந்தக் கல்லை எடுத்துவிடலாம் என்று சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. டைல்ஸ் பதித்து மேடை கட்டிப் பெயின்ட் அடிக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். இரண்டுமே நல்ல எண்ணத்தில் சொன்னவைதான். இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. கல் நிற்கும் இடமும் ஒரு சான்று: மந்தை போன வழி எது, ஊர் எல்லை எது என்று அதுதான் சொல்லும். இடத்தை விட்டு எடுத்தால் பாதிச் செய்தி போய்விடும். பெயின்ட் அடித்தால் மீதிப் பாதியும் போய்விடும். நடைபாதை இரண்டடி வளைந்து போகட்டுமே. நாம் யாரும் அவசரமாக நடக்க அங்கே போவதில்லை.

பெங்களூர் ஹெப்பாளில் 2018இல் குடியிருப்புப் பகுதியில் ஒரு வீரக்கல் கண்டறியப்பட்டது. கிட்டய்யா என்பவருக்காக நட்டது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆர்வலர்களும் அக்கம்பக்கத்தாரும் பணம் திரட்டி அதற்கு ஒரு சிறு மண்டபம் கட்டினார்கள். அவர்களும் நம்மைப் போல மாதா மாதம் மெயின்டெனன்ஸ் கட்டுகிறவர்கள்தான்.

நாம் செய்யக்கூடியவை

• கல்லைக் கழுவ ஆசிட், சோப்புத் தூள், கம்பி பிரஷ் வேண்டாம். எழுத்தைத் தெளிவாக்கச் சுண்ணாம்போ பெயின்டோ தடவ வேண்டாம். மஞ்சளும் எண்ணெயும் கும்பிடுகிறவர்கள் உரிமை; அதில் நாம் தலையிட வேண்டாம்.

• காலை ஏழு மணி வாக்கிலோ மாலை ஐந்து மணி வாக்கிலோ சாய்ந்த வெயிலில் படம் எடுங்கள். உச்சி வெயிலில் தெரியாத கோடு அப்போது தெரியும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள்.

• வீடு கட்டவோ குழாய் பதிக்கவோ தோண்டும்போது பழம்பொருள் எது கிடைத்தாலும் கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியரிடம் தெரிவியுங்கள். புதையல் பற்றிய 1878ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியரிடமும் சொல்லலாம்.

• நடுகல்லின் அடியில் புதையல் இருக்கும் என்ற பேச்சை நம்பாதீர்கள். அந்தப் பேச்சால் பெயர்க்கப்பட்ட கற்கள் ஏராளம். நட்டவர்கள் பொன்னைப் புதைக்கவில்லை, மரியாதையைத்தான் நட்டார்கள்.

• காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றிப் போகாதீர்கள். கற்களைப் பார்க்க வேண்டுமென்றால் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும், தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்திலும் நிறைய உள்ளன. குழந்தைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் ஏற்பாடு செய்யலாம். விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் நடைபாதை வரைபடம் ஒப்புதலுக்கு வருகிறது. வருவதற்கு முன் ஒருமுறை பூங்கா மூலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மாட்டுப் பொங்கலன்று வரும் ஊர்ப் பெரியவர்கள் யாரையாவது கூட்டத்துக்கு அழைக்கலாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கல்லில் நிற்பவர் நமக்கு முன்பே இங்கே குடியிருப்பவர். அவரை நகர்த்துவதற்கு முன் அவர் வீட்டாரை ஒரு வார்த்தை கேட்பதுதான் முறை.